9,400 மைல் மட்டுமே ஓடிய சைக்ளோன்: வாங்கலாமா?

ஒஹையோவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1991-ஆம் வருஷத்து ஜிஎம்சி சைக்ளோன் பிக்கப் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருக்கிறதாம். மீட்டரில் 9,400 மைல். முதலில் வாங்கியவரிடமே இன்றுவரை இருக்கிறது, பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. இவ்வளவு குறைவாக ஓடியது நல்லதா, இல்லை முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா நின்றதே கெடுதலா, கேட்கிற விலையைக் கொடுக்கலாமா என்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இதே வண்டி 70,000 மைல் ஓடியிருந்தால் ஒரு விலை, 9,400 மைல் என்றால் வேறு விலை. அந்த வித்தியாசத்தை அவர் மீட்டரில் தெரியும் ஓர் எண்ணுக்காகக் கொடுக்கப்போகிறார். அந்த எண் எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் டெட்ராய்ட் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். வேலை கியர்பாக்ஸ் சோதனைக்கூடத்தில். சனி ஞாயிறுகளில், பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்காக நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பேன். சைக்ளோன் ஐந்தாறு பார்த்திருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விலை விஷயத்தில் நான் வெறும் பார்வையாளன்தான், அதனால் இன்றைய டாலர் கணக்கு எதுவும் இதில் இருக்காது. இன்னொன்று, படத்தை மட்டும் பார்த்து எந்த வண்டிக்கும் நான் சரி என்று சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

இந்த வண்டியைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சைக்ளோனின் அடிப்படை ஜிஎம்சி சோனோமா என்ற சின்ன பிக்கப். அதன் 4.3 லிட்டர் வி6 எஞ்சினில் மிட்சுபிஷி டர்போவையும், அது அனுப்பும் காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பொருத்தினார்கள். டர்போ 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) வரை காற்றை அழுத்தித் தள்ளும். 280 குதிரைத்திறன், 350 பவுண்டு-அடி முறுக்குவிசை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சின் சக்தியில் 35 சதவீதம் முன் சக்கரங்களுக்கும் 65 சதவீதம் பின் சக்கரங்களுக்கும் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. மிஷிகனில் இருந்த புரொடக்‌ஷன் ஆட்டோமோட்டிவ் சர்வீசஸ் என்ற நிறுவனம்தான் ஜெனரல் மோட்டார்ஸுக்காக இவற்றை மாற்றியமைத்துக் கொடுத்தது. 1991 மாடலாக வந்தவை மொத்தம் 2,995. அந்த வருஷம் செப்டம்பரில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை இதை ஃபெராரி 348-க்குப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தது. கால் மைல் தூரத்தைப் பிக்கப் 14.1 வினாடியிலும் ஃபெராரி 14.5 வினாடியிலும் கடந்தன. சைக்ளோனின் விலை அப்போது சுமார் 26,000 டாலர். ஃபெராரிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். தூரம் கூடக்கூட ஃபெராரி முந்திவிடும் என்பதைச் சைக்ளோன்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்று பெயரே தவிர, சுமக்கும் அளவு 500 பவுண்டுதான். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்பது ஏற்றினால் கதை முடிந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிறதே என்று மண் ரோட்டில், சேற்றில் இறக்கவும் கூடாது.

முதலில், சந்தேகம் இல்லாமல் சரிபார்க்க முடிந்தவை. 17 எழுத்து கொண்ட அடையாள எண்ணில் பத்தாவது இடத்தில் 'எம்' இருக்க வேண்டும், அது 1991-க்கு உரியது. அந்த இடத்தில் 'என்' இருந்து 1992 மாடல் என்று யாராவது சொன்னால் ஓர் அடி பின்னால் நில்லுங்கள். 1992 மாடல் சைக்ளோன் மூன்றே மூன்றுதான். 1991 வண்டிகள் எல்லாமே கறுப்பாகத்தான் வந்தன. சிவப்பாக இருந்தால், பரிசுப் போட்டிக்காகத் தனியாக மாற்றியமைத்த மார்ல்போரோ வண்டிகள் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் ஒட்டிய உதிரிபாகக் குறியீட்டுத் தாள் இருக்கும். அதில் அச்சாகியிருக்கும் அடையாள எண்ணும் கண்ணாடிக்கு அடியில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இதெல்லாம் பத்து நிமிஷ வேலை, பத்து நிமிஷத்துக்கு மேல் இதில் செலவழிக்கவும் வேண்டாம்.

அடுத்தது மீட்டர். உரிமைப் பத்திரத்தில் மைல் எழுதியிருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி 2010 மாடலும் அதற்கு முந்தியதும் விற்கும்போது மீட்டர் அளவைத் தெரிவிக்க வேண்டியதில்லை, விலக்கு உண்டு. பத்திரத்தில் எண் இருந்தால் விற்றவர் சொன்னதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சைக்ளோனில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. டர்போ அழுத்தம் காட்டும் முள் வேண்டும் என்பதற்காகப் பான்டியாக் சன்பேர்ட் டர்போ காரின் மீட்டர் தொகுப்பை எடுத்து இதில் வைத்தார்கள். வேறொரு காரிலிருந்து வந்த தொகுப்பு என்றால், யாரோ ஒருவர் இன்னொன்றைக் கழற்றி மாட்டுவதும் நடக்காத காரியம் இல்லை. அதனால் மைலுக்குச் சாட்சியை மீட்டருக்கு வெளியே தேடுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகள், புகைச் சோதனைச் சீட்டுகள், காப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றில் தேதியும் மைலும் சேர்ந்து இருக்கும். 1994-ல் 6,100, 1999-ல் 7,800, 2008-ல் 8,700 என்பது மாதிரி எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டே வந்தால் எனக்கு அது போதும். ஒரு காகிதமும் இல்லாமல் “என் வார்த்தையை நம்புங்கள்” என்றால், வார்த்தைக்கு உண்டான விலையைக் கொடுங்கள், மைலுக்கு உண்டான விலையைக் கொடுக்காதீர்கள்.

காகிதம் பொய் சொன்னாலும் வண்டி பொய் சொல்லாது. பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தைப் பாருங்கள், இறங்கி ஏறும்போது தேய்கிற இடம் அது. கதவைத் திறந்து பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். இந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் கதவுக் கீல் ஊசி தேய்ந்து கதவு தொங்குவது சகஜம், 9,400 மைலில் அது நடக்கக் கூடாது. முன் கண்ணாடியில் வெயில் சாய்வாக விழும்போது மணல் தெறித்த புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் பல்லாயிரம் மைல் போன கண்ணாடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு ஒரு துளி பெயின்ட் வைப்பார்கள். அந்தத் துளி கலையாமல் இருந்தால் அந்த போல்ட்டை யாரும் தொட்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி டயர். இந்த வண்டி ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் எஸ்விஎக்ஸ் டயர்களோடு வந்தது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் தயாரித்த வாரமும் வருஷமும் இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் அது நான்கு இலக்கம். அதற்கு முன்னால் மூன்றே இலக்கம், முதல் இரண்டும் வாரம், கடைசி ஒன்று வருஷம். 181 என்றால் பதினெட்டாவது வாரம், 1-ல் முடியும் வருஷம். அது 1981-ஆ 1991-ஆ என்ற குழப்பம் வராமலிருக்க, தொண்ணூறுகளின் டயர்கள் பலவற்றில் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டார்கள். உங்கள் வண்டியில் அந்த ஃபயர்ஹாக் நான்கும் இருந்து, எண் 0-விலோ 1-லோ முடிந்து, பள்ளங்கள் ஆழமாக இருந்தால், 9,400 மைல் என்பதை நான் பாதிக்கு மேல் நம்பிவிடுவேன். ஆனால் அந்த டயரில் தெருமுனை தாண்டி ஓட்டாதீர்கள். முப்பது வருஷ ரப்பர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே கட்டு விட்டுப்போயிருக்கும், 60 மைல் வேகத்தில் உரிந்துவிடலாம். கழற்றித் துணி சுற்றி இருட்டான இடத்தில் வையுங்கள், நாளை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. ஓட்டுவதற்கு வேறு டயர் வாங்குங்கள். வாங்கும்போது நான்கையும் ஒன்றாக, ஒரே அளவில், ஒரே தயாரிப்பில் வாங்குங்கள். முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டிக்குள் கெட்டியான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. முன் டயருக்கும் பின் டயருக்கும் சுற்றளவு வேறாக இருந்தால், நேர் ரோட்டில்கூட அது ஓயாமல் வழுக்கிச் சூடாகிக் கெட்டுப்போகும். நான் பார்த்தவற்றில் ஒன்று இப்படித்தான் செத்துக்கிடந்தது. உரிமையாளர் பின்னால் மட்டும் அகலமான டயர் மாட்டி அழகு பார்த்திருந்தார்.

இப்போது உங்கள் இரண்டாவது பயத்துக்கு வருகிறேன். சும்மா நின்ற வண்டி கெட்டுப்போகுமா? போகும். ஆனால் எப்படி நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்ரோல் சில மாதங்களிலேயே பழசாகத் தொடங்கிவிடும். வருஷக்கணக்கில் கிடந்தால் வார்னிஷ் மாதிரி பிசினாகி, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வாயை அடைக்கும். இங்கே பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான், அது ஈரத்தைப் பிடித்து டாங்கின் அடியில் தண்ணீரைச் சேர்க்கும். பிரேக் எண்ணெயும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மைல் ஓடாவிட்டாலும் உள்ளே துரு பிடிக்கும். சூடேற்றாத கராஜில் வசந்த காலத்தில் திடீரென்று வெயில் வரும்போது, குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அதே ஈரம் சிலிண்டர் சுவரிலும் படியும். எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் கூடு கட்டி ஒயரைக் கடித்து வைத்திருக்கும். சைக்ளோனுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. அதன் இன்டர்கூலர் தண்ணீர், எஞ்சின் தண்ணீரோடு சேராத தனிச் சுற்று. தனி டாங்க், தனி மின்சாரப் பம்பு. பல மெக்கானிக்குகள் ரேடியேட்டர் தண்ணீரை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். பம்பு ஓடாவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும், எந்த விளக்கும் எரியாது. டர்போ அனுப்பும் காற்று மட்டும் குளிராமல் சூடாகவே எஞ்சினுக்குள் போகும். ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும் அன்றைக்கு, எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு ஆபத்து.

இந்த விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். சைக்ளோன் இல்லை, வேறொரு பிக்கப். 11,000 மைல், பார்த்தாலே மயங்குகிற வண்டி. அடியெல்லாம் பார்த்தேன், சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் டாங்குக்குள் மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு எஞ்சின் பட்டென்று கிளம்பியது, அதில் மனம் நிறைந்துவிட்டது. விற்றவர் முந்தின வாரம்தான் புதிதாக ஐந்து காலன் ஊற்றியிருந்தார் போல. வாங்கியவர் இரண்டு வாரம் ஓட்டினார், டாங்க் துருவெல்லாம் கிளம்பிப் பம்பையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிட்டது. என் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து டாங்க் வாயில் ஒளிக்கேமரா விடாமல் நான் அறிக்கை எழுதுவதில்லை.

நன்றாக வைத்திருந்தவர் யார் என்பதை அவர் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். “முப்பது வருஷமாகத் தொடவே இல்லை” என்று பெருமையாகச் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. “வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவேன், மாதத்துக்கு ஒருமுறை எஞ்சின் முழுதாகச் சூடாகும்வரை இருபது மைல் ஓட்டுவேன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய்” என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வண்டியை வெளியே எடுக்காமல் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன் என்பது, ஓட்டாமலே விட்டதைவிட மோசம். எஞ்சினுக்குள் ஈரம் சேரும், ஆவியாகப் போக நேரம் கிடைக்காது. ஏசியில் அந்தக் காலத்து ஆர்-12 வாயு இன்னும் இருந்தால் அதுவும் நல்ல அடையாளம்தான், யாரும் கை வைக்கவில்லை என்று தெரியும். ஆனால் அமெரிக்காவில் 1995-க்குப் பிறகு அந்த வாயுவைத் தயாரிப்பதில்லை, கசிந்தால் நிரப்ப ஆளும் வாயுவும் தேட வேண்டும்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த 9,400 மைலும் எப்படி ஓடியது? ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கப் போய் வந்த மைலா, இல்லை ரேஸ் தடத்தில் கால் கால் மைலாக ஓடிய மைலா? சைக்ளோனை வாங்கியவர்களில் பலர் வாங்கியதே இரண்டாவதற்குத்தான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் சிப்பை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றுவது அப்போது சர்வ சாதாரணம். விற்கும்போது பழைய சிப்பைத் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் தடம் இருக்கும்: டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் புதிய கிளாம்ப், கம்ப்யூட்டர் பெட்டியின் திருகுகளில் கீறல், முன் பின் டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர்) எண்ணெயில் உலோகத் தூள். எண்ணெயைக் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள். என்னைக் கேட்டால், எந்த மாற்றமும் செய்யாத 40,000 மைல் சைக்ளோன், சிப்பெல்லாம் மாற்றிய 9,000 மைல் சைக்ளோனைவிட மேல். சந்தை இதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

பெயின்ட் பற்றி நான் அரைகுறை. தகட்டின் மேல் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பேன். ஒரு கதவில் 120 மைக்ரான், இன்னொரு கதவில் 300 என்றால் இரண்டாவதில் வேலை நடந்திருக்கிறது என்று சொல்வேன். அதற்குமேல் என்ன வேலை, ஏன் நடந்தது என்பதைப் பெயின்ட்காரரிடம்தான் கேட்க வேண்டும். சைக்ளோனின் கீழ்ப்பகுதியைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக், அங்கே கருவி காட்டாது. தகட்டின் கறுப்பும் பிளாஸ்டிக்கின் கறுப்பும் வெயிலில் ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

விலைக்கு வருகிறேன். எண் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், ஆனால் ஒரு கணக்கு மட்டும். குறைந்த மைலுக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், ஓட்ட ஓட்டக் கரையும் பணம். 9,400-ல் வாங்கி 20,000-க்குக் கொண்டுபோனால் நீங்கள் வைத்திருப்பது வேறு வண்டி. உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது, “வார இறுதியில் பையனோடு ஓட்ட ஆசை” என்று. அதற்கு 9,400 மைல் வண்டி எதற்கு? ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நன்றாகப் பராமரித்த 60,000 மைல் சைக்ளோன் பாருங்கள். அதே எஞ்சினோடு 1992, 1993-ல் வந்த டைஃபூனும் இருக்கிறது, அது 4,697 தயாரானது, பின் சீட்டும் உண்டு. டர்போ வேண்டாம், தலைவலி குறைவாக இருக்கட்டும் என்றால் 1993 முதல் 1995 வரை வந்த ஃபோர்டு லைட்னிங், 5.8 லிட்டர் வி8, 240 குதிரைத்திறன். மொத்தம் 11,563 வந்ததால் பாகம் கிடைப்பதும் சுலபம். கால் மைலில் சைக்ளோனிடம் தோற்கும், ஆனால் பையனுக்கு அந்த வி8 சத்தம் பிடிக்கும்.

இல்லை, பாதுகாத்து வைப்பதற்குத்தான் வாங்குகிறேன் என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது இந்த 9,400 மைல் வண்டிதான் சரி, மேலே சொன்ன சாட்சிகள் ஒத்துப்போனால் கூடுதல் பணமும் நியாயம்தான். வழக்கமான காப்பீடு எடுக்காதீர்கள், மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் சேகரிப்பு வண்டிக் காப்பீடு எடுங்கள். மிஷிகனில் 25 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பழமை வாகன நம்பர் பிளேட் வாங்கினால், கண்காட்சி, ஊர்வலம் மாதிரி நிகழ்ச்சிகளுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டம்போல ஓட்டலாம். அந்த ஆகஸ்டின் மூன்றாவது சனிக்கிழமைதான் உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் மைல் கணக்கில் ஊர்ந்து போகும் ட்ரீம் க்ரூஸ், 1995-லிருந்து நடக்கிறது. அங்கே வருஷா வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், சைக்ளோன் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஒஹையோ விதி வேறாக இருக்கும், உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்க்கும் நாளில், எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதன்முதலாகக் கிளம்பும்போது சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தால் டர்போவின் சீல் காய்ந்திருக்கலாம், வால்வு சீலாகவும் இருக்கலாம். அதை நேரில் கேட்டும் பார்த்தும்தான் பிரிக்க முடியும். அதற்கு முன்னால் நான்கு டயர்களின் டிஓடி எண்ணையும் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டு, இங்கேயே போடுங்கள். கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.